45 மைக்ரோலிட்டர் சீரம்: எலைசாவா, மணியா, எம்எஸ்டியா?

போன மாதம் எங்கள் ஆய்வகத்து முதலாண்டு மாணவி ஃப்ரீசரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து ஐஸ் மேல் வைத்தாள். உள்ளே 24 சிறு குழாய்கள். "அக்கா, இதுல அஞ்சு சைட்டோகைன் பாக்கணும். எலைசா போடவா, மல்டிப்ளெக்ஸ் போடவா?"

"ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு சீரம் இருக்கு?"

ஒரு குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அடியில், கூம்பின் நுனியில், உறைந்த ஒரு துளி. மிஞ்சிப்போனால் 45 மைக்ரோலிட்டர். கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் துளியிலேயே இருந்தது. மீதிப் பாதிக்குத்தான் அன்று மத்தியானம் முழுக்க ஒரு தாளில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதம். எலைசா ஒரு தடவைக்கு ஒன்றை அளக்கும். மல்டிப்ளெக்ஸ் ஒரே குழியில் பலவற்றை அளக்கும், நுண்மணிகளை வைத்தோ எம்எஸ்டி தட்டை வைத்தோ.

முதலில் சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிளாக் 6 வகைச் சுண்டெலிகளுக்கு வயிற்றறைக்குள் எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாச் சுவர்ப் பொருள்) ஊசி. 90-ஆவது நிமிடம் கன்னத்துச் சிரையில் கொஞ்சம் இரத்தம். ஆறாவது மணியில் மயக்கத்தில் இதயத்திலிருந்து கடைசி இரத்தம். அழற்சியைப் படிக்கும் ஆய்வகங்களில் நம் இட்லி மாவு மாதிரி, வாராவாரம் நடக்கிற வேலை. அவள் பார்க்க நினைத்த ஐந்து: டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-10, ஐஎல்-1பீட்டா, இன்டர்ஃபெரான் காமா.

25 கிராம் சுண்டெலியின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே சுமார் 2 மில்லிலிட்டர்தான். எலி பிழைத்திருக்க வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. அவள் 120 மைக்ரோலிட்டர் எடுத்திருந்தாள். உறையவிட்டுச் சுழற்றியபின் தேறியது 45. ஆறாவது மணிக் குழாய்களில் முந்நூறுக்குக் குறையாமல் இருந்ததால் அங்கே கவலை இல்லை. ஆக, ஒரே சோதனையின் இரண்டு நேரப்புள்ளிகள் இரண்டு விதமான முடிவைக் கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான் என்று யாரும் விதித்துவிடவில்லை.

எலைசா: பழசு, ஆனால் கைக்கு அடங்கியது

1971-இல் ஸ்டாக்ஹோமில் ஏங்வாலும் பெர்ல்மனும், அதே ஆண்டு நெதர்லாந்தில் வான் வீமனும் ஷூர்ஸும் தனித்தனியாக வெளியிட்ட உத்தி இது. கதிரியக்க அயோடினுக்குப் பதில் நொதியை வைத்து அளப்பது. நாம் இன்று போடும் சாண்ட்விச் எலைசாவும் அந்த வழியில் வந்ததே. தட்டில் ஒட்டிய ஒரு ஆன்டிபாடி சைட்டோகைனைப் பிடிக்கும், இன்னொரு ஆன்டிபாடி மேலே உட்காரும், அதன் வாலில் நொதி.

செய்முறை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசி கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. டிஎம்பி (நொதி பட்டால் நிறம் மாறும் திரவம்) ஊற்றியதும் ஸ்டாண்டர்டின் (அளவு முன்பே தெரிந்த சைட்டோகைன் கரைசல்) மேல் குழிகள் முதலில் நீலமாகும். பிறகு அந்த நீலம் படிப்படியாகக் கீழ்க் குழிகளுக்கு இறங்கும். கடைசிக்கு முந்தைய குழியில் லேசாக நீலம் தட்டும்வரை பொறுத்திருந்து, வெற்றுக்குழி நிறம் மாறுவதற்குள் அமிலம் விட வேண்டும். விட்டதும் நீலம் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிக்கலாம். அந்தக் காத்திருப்பில் ஒரு லாபம் உண்டு: எந்த மாதிரி எல்லை தாண்டிக் கொதிக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று எந்திரம் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மற்ற முறைகளில் இந்தக் காட்சி கிடையாது.

இப்போது கணக்கு. 96 குழித் தட்டில் ஸ்டாண்டர்டுக்கும் வெற்றுக்குமாக 16 குழி போனால் மீதி 80. இரட்டையாகப் போட்டால் 40 மாதிரி. ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர், இரட்டைக்கு 200. சீரத்தை ஒன்றுக்கு இரண்டாக மட்டுமே நீர்த்துப் போட்டால் ஒரு சைட்டோகைனுக்கே 100 மைக்ரோலிட்டர் சீரம் வேண்டும். நம்மிடம் 45. "எலைசாவால் முடியாது" என்று பலர் இந்த இடத்தில் தாளை மடித்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். எல்பிஎஸ் போட்ட எலியின் சீரத்தில் ஐஎல்-6 மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கான பிகோகிராமில் இருக்கும். வழக்கமான சுண்டெலி ஐஎல்-6 எலைசாவின் மேல் எல்லையோ 500-ஐ ஒட்டித்தான். எனவே அதை இருபது மடங்கோ நூறு மடங்கோ நீர்த்தே ஆக வேண்டும். நூறு மடங்கு என்றால் 200 மைக்ரோலிட்டருக்குச் செலவாகும் சீரம் வெறும் 2. அதிகமாக இருக்கும் சைட்டோகைன் சீரத்தைத் தின்பதில்லை. குறைவாக இருப்பதுதான் தின்னும். அதோடு, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் போதும் என்கிற அரைப்பரப்புத் தட்டு இருக்கிறது. ஒரே ஆன்டிபாடி ஜோடியை வாங்கி நாமே தட்டில் பூசுகிற ஆய்வகத்துக்கு இது செலவையும் பாதியாக்கும்.

இன்னொரு கேள்வியையும் அவளிடம் கேட்டேன். "90 நிமிஷத்துல இன்டர்ஃபெரான் காமா எதுக்கு?" எல்பிஎஸ்ஸுக்கு டிஎன்எஃப் முதலில் ஏறும், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். ஐஎல்-10 கிட்டத்தட்ட அதன் பின்னாலேயே வரும். ஐஎல்-6 இரண்டு முதல் நான்கு மணி வாக்கில். காமா ஆறு, எட்டு மணியில்தான் தலைகாட்டும். 90 நிமிடக் குழாயில் காமாவைத் தேடுவது கூரியர் கிளம்பும் முன்பே வாசலில் போய் நிற்பது மாதிரி. ஐஎல்-1பீட்டா கதை வேறு, பின்னால் வருகிறேன். ஆக, ஐந்து மூன்றாகிவிட்டது.

மூன்றுக்கு, அரைப்பரப்புத் தட்டில், இரட்டைக் குழியாக, 100-க்குப் பதில் கொஞ்சம் கூட்டி 110 மைக்ரோலிட்டர் கலந்தால்: டிஎன்எஃப் பத்து மடங்கு நீர்த்து 11 மைக்ரோலிட்டர். ஐஎல்-6 இருபது மடங்கு, 6 மைக்ரோலிட்டர். ஐஎல்-10 நான்கு மடங்குக்கு மேல் நீர்க்கத் துணிவில்லை, 27 மைக்ரோலிட்டர். கூட்டினால் 44.

இருப்பது 45. முடிந்துவிட்டதே என்று மாணவியின் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. ஒரு தட்டு சொதப்பினால் திரும்பப் போட ஒரு சொட்டு கிடையாது. குழாயிலிருந்து எடுக்கும்போதே பிப்பெட் நுனியில் ஒட்டிப் போகிற சீரத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரு மைக்ரோலிட்டர்தான்.

மணிகள்: ஒரே குழியில் பத்து கேள்வி

மணி முறையில் சைட்டோகைனைப் பிடிக்கும் ஆன்டிபாடி தட்டில் இல்லை, சில மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள பாலிஸ்டைரின் மணியில் இருக்கிறது. ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு நிற அடையாளம் கொண்ட மணி. எல்லா மணியையும் ஒரே குழியில் கலந்து, மேலே ஃபைக்கோஎரித்ரின் ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி. எந்திரம் மணியின் நிறத்தைப் பார்த்து எந்த சைட்டோகைன் என்றும், ஃபைக்கோஎரித்ரின் பளிச்சைப் பார்த்து எவ்வளவு என்றும் சொல்லும்.

இதில் இரண்டு குடும்பம். லூமினெக்ஸ் மணிகளுக்கு அதற்கென்றே எந்திரம் வேண்டும். பிடி நிறுவனத்தின் சிபிஏ, பயோலெஜெண்டின் லெஜெண்ட்ப்ளெக்ஸ் போன்றவற்றைச் சாதாரண ஃப்ளோ சைட்டோமீட்டரிலேயே (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் எந்திரம்) படிக்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஃப்ளோ சைட்டோமீட்டர் எப்படியும் எங்கோ ஒரு துறையில் இருக்கும், அதன் சாவி யாரிடம் என்பதுதான் பிரச்சினை. சிபிஏயின் சுண்டெலி அழற்சி கிட் ஆறு பார்க்கும்: ஐஎல்-6, ஐஎல்-10, எம்சிபி-1, இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப், ஐஎல்-12பி70. குழிக்கு 50 மைக்ரோலிட்டர். சீரத்தை நான்கு மடங்கு நீர்த்தால் 12.5 போதும், கை நடுக்கத்துக்குச் சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளலாம். 44-க்கு எதிரே 15.

மணிகளின் பலம் இதுதான், பலவீனமும் இங்கேயேதான். எல்லா சைட்டோகைனும் ஒரே குழியில் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே நீர்ப்பு. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் தண்ணீர் விடலாம், ஆனால் புளியும் சேர்ந்துதானே நீர்த்துப்போகும். ஆறாவது மணி நேரச் சீரத்தில் ஐஎல்-6 ஸ்டாண்டர்டின் மேல் முனையைத் தாண்டி நிற்கும். அதே குழியில் ஐஎல்-12பி70 கீழ் முனைக்கும் அடியில் கிடக்கும். ஐஎல்-6-க்காக ஐம்பது மடங்கு நீர்த்தால் மற்றவற்றில் பலவும் மறைந்துவிடும். இரண்டு நீர்ப்பில் இரண்டு தடவை போட்டால் கிட் செலவும் இரண்டு மடங்கு, சீரமும் கூடும். "பதிமூன்று சைட்டோகைன் பேனல்" என்று வாங்கி, கட்டுரையில் நான்குக்கு மட்டும் படம் போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மற்ற ஒன்பது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளிலும்தான் விழுந்திருக்கும்.

லூமினெக்ஸா, சிபிஏயா என்று கேட்டால், கைவசம் எந்த எந்திரம் இருக்கிறதோ அது. காந்த மணியாக இருந்தால் கழுவுவது சுலபம், தட்டைக் காந்தத்தின் மேல் வைத்துக் கவிழ்க்கலாம். இதைச் சொல்லும்போது என் பழைய வண்டவாளம் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதன்முதலாகச் சாதாரண மணி கிட் போட்ட அன்று, எலைசா பழக்கத்தில் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாள் மேல் பட் பட்டென்று தட்டினேன். காந்தம் இல்லாத மணிகள். எந்திரத்தில் ஏற்றினால் குழிக்கு ஏழெட்டு மணிகூட வரவில்லை. மீதி எல்லாம் டிஷ்யூவில், குப்பைத்தொட்டியில். சுழற்றிய பிறகு அடியில் மணி படிந்திருப்பது கண்ணுக்கே தெரியாது. நுனியைச் சுவரோரம் சாய்த்து, கொஞ்சம் திரவத்தை மிச்சம் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

இன்னொன்று: கொழுப்பும் ஃபைப்ரின் துணுக்கும் உள்ள சீரம் மணிகளைக் கட்டியாக்கும். குழியில் ஏற்றும் முன் ஒரு தடவை வேகமாகச் சுழற்றித் தெளிவை எடுப்பதில் சோம்பல் கூடாது.

எம்எஸ்டி: காசும் எந்திரமும் இருந்தால்

மீசோ ஸ்கேல் நிறுவனத்தின் முறையில் தட்டின் அடிப்பக்கமே கார்பன் மின்முனை. ஒரு குழிக்குள் பத்துப் புள்ளிகள் வரை, புள்ளிக்கு ஒரு பிடி ஆன்டிபாடி. இரண்டாம் ஆன்டிபாடியில் ருத்தீனியம். மின்சாரம் கொடுத்தால் அது 620 நானோமீட்டரில் ஒளிரும். தூண்டுவது ஒளி அல்ல, மின்சாரம். அதனால் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு, அளவு எல்லையும் அகலம். மேலே சொன்ன சாம்பார்ச் சிக்கலை இது பெருமளவு தீர்க்கிறது. ஐஎல்-6 உச்சத்தில் இருக்கும் அதே குழியில் ஐஎல்-4-இன் கிசுகிசுப்பையும் கேட்க முடியும். சுண்டெலிக்கான அழற்சிப் பேனலில் பத்து சைட்டோகைன். ஒரு குழிக்கு 25 மைக்ரோலிட்டர் சீரம் போதும்.

தரத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இந்தத் தட்டை அந்த நிறுவனத்தின் எந்திரத்தில் மட்டுமே படிக்க முடியும். பக்கத்துத் துறையில் எந்திரம் இல்லையென்றால் மாதிரிகளை உலர்பனியில் வைத்துச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். உலர்பனி கிடைக்கும் ஊராக இருக்க வேண்டும், வழியில் பெட்டி ஒரு வார இறுதி கிடக்காமலும் இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் நிச்சயமில்லை.

இதற்கும் மேலே சிமோவா என்று ஒன்று இருக்கிறது. ஃபெம்டோலிட்டர் குழிகளில் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறை. எல்பிஎஸ் சோதனைக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. நோயில்லாத எலியின் அடிநிலை அளவோ, வயதாவதால் வரும் மந்தமான அழற்சியோ உங்கள் கேள்வியானால் அப்போது யோசியுங்கள்.

எந்த முறையும் காப்பாற்றாத இடங்கள்

ஐஎல்-1பீட்டாவுக்கு வருகிறேன். செல்லுக்குள் முதலில் உருவாவது 31 கிலோடால்டன் முன்வடிவம். கேஸ்பேஸ்-1 என்ற நொதி வெட்டினால்தான் 17 கிலோடால்டன் செயல்வடிவம் வெளியே வரும். எல்பிஎஸ் மட்டும் கொடுத்த மேக்ரோஃபேஜில் முன்வடிவம் குவிந்து கிடக்கும். ஏடிபியோ நைஜெரிசினோ போல இரண்டாவது தூண்டுதல் வந்தால்தான் வெட்டு நடக்கும். திசுவை அரைத்து எலைசா போட்டால் பல ஆன்டிபாடி ஜோடிகள் முன்வடிவத்தையும் சேர்த்து எண்ணிவிடும். "நுரையீரலில் ஐஎல்-1பீட்டா பத்து மடங்கு" என்று எழுதும் முன், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 17-இல் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு எலைசா, மணி, எம்எஸ்டி மூன்றும் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

ஐஎல்-12-இலும் இப்படி ஒரு குழி இருக்கிறது. பி40 என்ற துண்டு ஐஎல்-12-க்கும் ஐஎல்-23-க்கும் பொது. தனியாகவும் ஏராளமாகச் சுரக்கும். பி40 கிட்டில் ஏறிய அளவைப் பார்த்து ஐஎல்-12 ஏறியது என்று எழுதினால், கட்டுரையைத் திருத்துபவர் விடமாட்டார்.

சிகிச்சைக் குழு எலிகளுக்கு ஆன்டிபாடி கொடுத்திருந்தால் இன்னும் கவனம். ஐஎல்-6-ஐ எலிக்குள் முடக்கப் பயன்படும் எம்பி5-20எஃப்3 என்ற அதே ஆன்டிபாடிதான் பல கிட்டுகளில் பிடி ஆன்டிபாடி. சீரத்தில் ஏற்கெனவே அது ஐஎல்-6-ஐப் பிடித்து வைத்திருந்தால் தட்டுக்கு இடம் இல்லை, அளவு தப்பாக வரும். கிட் வாங்கும் முன் குளோன் பெயரை (எந்த ஆன்டிபாடி என்பதை) பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வாங்குவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. தமிழில் மவுஸும் எலி, ராட்டும் எலி. கிட்டுக்கு அப்படி இல்லை. கொள்முதல் படிவத்தில் நான் பொருள் எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதியதில், ஆறு வாரம் காத்திருந்து வந்த பெட்டியில் ராட் கிட் இருந்தது. மனித கிட்டில் பழகிவந்தவர்களுக்கு வேறு பள்ளம்: சுண்டெலிக்கு ஐஎல்-8 மரபணுவே கிடையாது, அந்த வேலையைக் கேசி போன்ற வேறு புரதங்கள் பார்க்கின்றன. மனிதர்களில் அழற்சிக்கு அடையாளமாக அளக்கும் சிஆர்பியும் சுண்டெலியில் பெரிதாக ஏறாது, சீரம் அமிலாய்டு ஏ-தான் ஏறும்.

கியூபிசிஆரில் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது அளப்பது ஆர்என்ஏவை. சீரத்தில் சுற்றுகிற புரதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எந்த செல் சுரக்கிறது என்பது கேள்வியானால் பிரெஃபெல்டின் (சுரப்பைத் தடுத்து செல்லுக்குள்ளேயே நிறுத்தும் மருந்து) போட்டு செல்லுக்குள் சாயமேற்றும் ஃப்ளோவுக்குப் போங்கள், அதுவும் வேறு கேள்வி.

எங்கள் முடிவு

90 நிமிடக் குழாய்களுக்கு சிபிஏ, நான்கு மடங்கு நீர்ப்பில். அதற்கு முன்னால் உபரியாக இருந்த இரண்டு எலிகளின் சீரத்தை இரண்டு, நான்கு, பத்து மடங்கு நீர்ப்புகளில் ஓட்டிப் பார்த்தோம். நான்கு மடங்கு நீர்ப்பில் மூன்று சைட்டோகைனும் கோட்டுக்குள் விழுந்தன. ஒரே கிட்டில் எம்சிபி-1 இலவசமாகக் கிடைத்தது. ஆறாவது மணி நேரக் குழாய்களுக்கு எலைசா: ஐஎல்-6 நூறு மடங்கு, காமா ஐந்து மடங்கு, தனித்தனி நீர்ப்பில். ஐஎல்-1பீட்டாவைச் சீரத்திலிருந்து எடுத்துவிட்டு, வயிற்றறைச் செல்களை வளர்த்துப் பார்க்கும் தனிச் சோதனைக்குத் தள்ளினோம்.

ஒரு நிபந்தனை விதித்தேன். சிபிஏயில் வந்த ஐஎல்-6 எண்ணையும் எலைசாவில் வந்த ஐஎல்-6 எண்ணையும் ஒரே படத்தில் கோடிழுத்து இணைக்கக்கூடாது. இரண்டு கிட்டிலும் ஆன்டிபாடி வேறு, ஸ்டாண்டர்ட் வேறு. ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும், பிகோகிராம் ஒத்துப்போகாது. 90 நிமிடத்துக்கும் ஆறு மணிக்கும் இடையே எத்தனை மடங்கு ஏறியது என்பதுதான் முக்கியமான கேள்வி என்றால் இரண்டையும் ஒரே முறையில் போட்டிருக்க வேண்டும். அவளுடைய கேள்வி அது இல்லை. மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் ஒவ்வொரு நேரத்திலும் என்ன வித்தியாசம் என்பதுதான்.

உப்புநீர் ஊசி மட்டும் போட்ட எலிகளில் பாதிக்கு மேல் கீழ் எல்லைக்கு அடியில் வந்தன. அவற்றுக்குச் சுழி போட்டு வைத்திருந்தாள். சுழிக்கு லாகரிதம் எடுக்க முடியாது என்று எக்செல் அடம்பிடித்தபோதுதான் என்னிடம் வந்தாள். அளவிட முடியாத அளவு என்பது சுழி அல்ல. கீழ் எல்லையில் பாதி என்று வைத்துக்கொண்டு, அப்படி வைத்ததைப் படத்தின் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் பிரச்சினையில்லை.

சீரத்தை உருக்கிய அன்றே, 15 மைக்ரோலிட்டர் எடுத்தது போக மிச்சமிருந்த 30-ஐ குழாய்க்குப் பதினைந்தாக இரண்டாகப் பிரித்து, மூடியில் எலி எண்ணும் தேதியும் எழுதி, மறுபடி மைனஸ் 80-இல் வைக்கச் சொன்னேன். "இது எதுக்கு அக்கா, வேலைதான் முடிஞ்சிடுச்சே?" என்றாள். கட்டுரையை அனுப்பி எட்டு மாதம் கழித்து, மூன்றாவது ரிவியூவர் ஐஎல்-17 எங்கே என்று கேட்பார் என்றேன். நம்பாமல் சிரித்துக்கொண்டே 48 மூடிகளிலும் எழுதினாள்.